வேலையைவிட்டு நீக்கக் கோரி

என்னை வேலையைவிட்டு நீக்கும்படி நான் நாலு மாதம் கெஞ்சியிருக்கிறேன். வேலை கேட்டுக் கெஞ்சியவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். வேலை போகவேண்டும் என்று கெஞ்சி, அதுவும் கிடைக்காமல் அலைந்தவள் எங்கள் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தக்கலையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு அரசாங்கப் பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே நான் கணக்கு டீச்சர். வேலையில் சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பெண் ஆசிரியை கல்யாணம் செய்துகொண்டால் அந்த நாளோடு வேலை முடிந்தது என்று அதில் எழுதியிருந்தது. மகாராஜா காலத்து விதி. ராஜாவின் ஆட்சி முடிந்து, திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, டெல்லியில் புதிய அரசியல் சட்டமும் வந்த பிறகும் அந்தத் தாள் மட்டும் அசையாமல் இருந்தது. ஆண் வாத்தியார்களிடம் அப்படி ஒரு கையெழுத்து கேட்கவில்லை. அவர்கள் கல்யாணம் செய்தால் சக வாத்தியார்கள் சேர்ந்து குத்துவிளக்கு வாங்கிக் கொடுப்பார்கள்.

எனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை என் அத்தை மகன். தக்கலையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். அத்தானை எனக்குப் பிடிக்கும். கணக்குச் சொல்லிக்கொடுக்கவும் பிடிக்கும். ஒன்றை விட்டால்தான் மற்றது என்றபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கோபத்தை விதி எழுதினவனிடம் காட்ட வழியில்லாததால் அத்தானிடம் காட்டினேன்.

"அப்பம் நீங்க உங்க குமாஸ்தா வேலைய விடுங்கோ. நான் தாலிக்குக் கழுத்த நீட்டுகேன்," என்றேன்.

அத்தான் சிரித்தார். என்னைக் கட்டப்போகிறவருக்குச் சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நல்லவேளையாக அவருக்குத் தெரிந்திருந்தது. "ஏட்டி, ரெண்டையும் விடாண்டாம். எங்க வக்கீல ஒரு தடவ வந்து பாரு," என்றார்.

வக்கீல் களியக்காவிளைக்காரர். பேச்சில் பாதி மலையாளம். அவர் மேசைமேல் அரசியல் சட்டப் புத்தகம் தடியாக, பழுப்புத் தாளில் அட்டை போட்டு இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை அவர் பிரிந்ததே இல்லை, சாப்பிடும்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார் என்று அத்தான் முன்பே சொல்லியிருந்தார். வக்கீல் அதில் ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார்.

"இன்னா பாரு மோளே. சர்க்கார் உத்தியோகத்துல ஆணு பெண்ணு வித்தியாசம் பாக்கப்பிடாதுன்னு இருக்கு. இந்தப் புஸ்தகத்துக்கு எதிரா நிக்குற சட்டம் எதானாலும் அது செல்லாதுன்னு சொல்லுகதுக்கு ஹைக்கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "மகாராஜா போட்ட விதிய ஜட்ஜி எப்பிடி வெட்டுவாரு? அவருக்குச் சம்பளம் குடுக்கதே சர்க்காருதானே?"

"அதுலதான் சமாச்சாரமே இருக்கு," என்று வக்கீல் குஷியாகி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பண்டு ராஜாவுக்கு மேல யாரும் இல்ல. இப்பம் சர்க்காருக்கு மேல இது இருக்கு. சர்க்கார் இதப் பாத்துத்தான் சட்டம் எழுதணும். தப்பா எழுதினா ஜட்ஜி ஒரு கோடு போட்டு வெட்டுவாரு."

இது எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாள் முழுவதும் சிவப்பு மசியால் தப்புக் கணக்குகளை வெட்டுகிறவள் நான். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்து வெட்டுவதில்லை. தாசில்தார் மகள் போட்டாலும் தப்பு தப்புதான். அந்தப் பேனாவை ஹைக்கோர்ட்டிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அது நல்ல காரியம்தான் என்று தோன்றியது.

"அப்பம் இன்னைக்கே மனு எழுதுங்கோ," என்றேன்.

"முடியாது," என்றார் வக்கீல். "ஒனக்குக் கல்யாணம் ஆவல்ல. வேலையும் போவல்ல. எனக்கு இந்த விதி பிடிக்கல்லன்னு போயி நின்னா, பிடிக்கல்லன்னா வீட்டுக்குப் போன்னு சொல்லிருவாவ. அடி விழுந்தவதான் பிராது சொல்லணும். முதல்ல கல்யாணம் கெட்டு. அவிய ஒன்ன வேலைய விட்டு நீக்கட்டும். நீக்கின கடுதாசியக் கொண்டுவா. பொறவு பாரு என் வேலைய."

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் அரிவாள்மனையிலிருந்து எழுந்தேவிட்டாள். "வேல போகணும்னு கல்யாணம் கெட்டுகதா? இப்பிடி ஒரு நேர்ச்சய நான் கேட்டதே இல்ல," என்றாள். அவளுக்குப் பயம். வேலையும் போய், கேசும் தோற்றுவிட்டால்? எனக்கும் அந்தப் பயம் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அடுத்த திங்கட்கிழமை, தாலியைச் சேலைக்கு மேலே தெரிகிறபடி போட்டு, நெற்றி வகிட்டில் குங்குமம் வைத்து, மல்லிகைப் பூவோடு பள்ளிக்கூடம் போனேன். கல்யாணப் பந்தலில்கூட நான் அவ்வளவு பார்த்துப் பார்த்து அலங்காரம் செய்யவில்லை.

தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். இராஜாக்கமங்கலத்துக் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஐம்பதை நெருங்கிய வயது, கல்யாணம் ஆகாதவர். உயரமான மனுஷி. நடந்துவந்தால் தாழ்வாரம் முழுவதும் சத்தம் அடங்கிவிடும். அவருக்கு முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். முகத்துக்குக் கீழே பார்க்கவில்லை.

"லீவு கழிஞ்சு வந்துட்டியா? ஏழாங்கிளாசு பிள்ளைய சத்தம் போடுது. போ," என்றார்.

மற்ற டீச்சர்மாரும் அப்படியே. ஒருத்தி மேற்கூரையைப் பார்த்தாள், இன்னொருத்தி நோட்டைத் திருத்தினாள். மத்தியானம் சோறு உண்ணும்போதுதான் தையல் டீச்சர் என்னைத் தனியாக இழுத்துப்போய், "ஏட்டி, ஒனக்குக் கூறு இல்லியா? அத உள்ள எடுத்துப் போடு," என்று தன் ரவிக்கையை லேசாக விலக்கிக் காட்டினாள். உள்ளே தாலி. அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். தினமும் பள்ளிக்கூட வாசல்வரை சைக்கிளில் கொண்டுவந்து விடுகிற 'மாமா மகன்' அவளுடைய புருஷன். போன வருடம் அவளுக்கு வந்து, இரண்டு மாதம் லீவு எடுக்கவைத்த மஞ்சள்காமாலைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது, தவழ்கிறது.

அப்போதுதான் புரிந்தது. அந்தப் பள்ளிக்கூடம் முழுவதுமே கண்டும் காணாமல் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். யாரும் எதையும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு விதியைப் பிடிக்காவிட்டால் அதை எதிர்க்கமாட்டார்கள். அதற்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, பின்கட்டு வழியாகத் தங்கள் காரியத்தைப் பார்ப்பார்கள். இந்த நல்ல குணம்தான் என் கேசுக்கு எமனாக வந்து நின்றது.

நான் ஒரு கடிதம் எழுதினேன். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, தேதி இன்னது, விதிப்படி நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். பெரிய டீச்சர் வாங்கி மேசை டிராயரில் போட்டார். பத்து நாள் கழித்துக் கேட்டபோது மசி கொட்டிவிட்டது என்றார். இரண்டாவது கடிதத்தைச் செல் அரித்துவிட்டது. மூன்றாவதை நான் அவர் கையிலேயே பிடித்துக் கொடுத்து, கல்யாணக் குறிமானம் என்கிற அழைப்பிதழையும் சேர்த்து நீட்டினேன். அதில் என் பெயர் அச்சில் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தப் பேருல தக்கலையில பத்து பெண்ணுவ உண்டு," என்றார்.

வீட்டுக்கு வந்து அழாத குறை. அத்தான் தினமும் சாயங்காலம் வந்ததும் வாசலிலேயே கேட்பார்: "வேல போச்சா?"

"இல்ல."

"சாரமில்ல. நாளைக்குப் போவும்."

இதைக் கேட்டுக்கொண்டே பால்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

ஆண்டுப் பரிசோதனைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். இவரிடம் தப்ப முடியாது என்று நினைத்தேன். கரும்பலகையில் பின்னக் கணக்கு ஒன்று போட்டுவிட்டு, பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்தில் போய், "ஐயா, எனக்குக் கல்யாணம் ஆயிட்டு," என்று சத்தமாகவே சொன்னேன்.

அவர் திடுக்கிட்டுப் பெரிய டீச்சரைப் பார்த்தார். பெரிய டீச்சர் ஜன்னல் வழியே பலாமரத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிய பாவத்தோடு ஓய்வுபெற அவருக்கு மனமில்லை. என் தலையில் கைவைத்து, "ரொம்ப சந்தோசம் மக்களே. நல்லா இரி. இத நான் ஒரு மாமன் மொறையில கேட்டுக்கிட்டேன், இன்ஸ்பெக்டராட்டு என் காதுல விழல்ல," என்றார். போகும்போது பார்வையாளர் புத்தகத்தில், கணக்கு வகுப்பு மிக நன்று, ஆசிரியை ஊக்கமுள்ளவர் என்று வேறு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அன்று என் பொறுமை போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய டீச்சர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன்.

"நீங்க எனக்கு நல்லது செய்யதாட்டு நெனச்சு என் கழுத்த அறுக்கிய, டீச்சர்," என்றேன். "நான் கோர்ட்டுக்குப் போகணும். என்ன நீக்குங்கோ."

அவர் கோபப்படவில்லை. "கோர்ட்டுல தோத்துப்போனா?"

"தோத்தா தோத்துப்போறேன்."

"நீ ஒருத்தி தோத்தா போதுமா பிள்ளே? ஒன்ன மேல எழுதி அனுப்பினா அவன் என்ன கேப்பான்? மத்தவளுவள இத்தன வருசமா ஏன் எழுதல்லன்னு கேப்பான். அவளுவ வேலையும் போவும், என் வேலையும் போவும். தையல் டீச்சர் வீட்டுல அடுப்பு எரியது நான் கண்ண மூடிக்கிட்டு இருக்கதுனாலயாக்கும்."

இதை நான் யோசித்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்க இன்னும் எத்தன வருசம் இங்க இருப்பிய? உங்களுக்குப் பொறவு இந்த நாற்காலியில வருகவளுக்குக் கண்ணு நல்லா தெரிஞ்சா? அப்பமும் இந்த விதி இருக்குமே டீச்சர். நீங்க கண்ண மூடினா அது போயிருமா? அது இன்னா ஒங்க டிராயருக்குள்ளதான் கெடக்கு."

அவர் டிராயரைப் பார்த்தார். "நான் வேலைக்கு வந்தப்பம் இருந்த பெரிய டீச்சருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்," என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மசியில் பேனாவைத் தொட்டு எழுத ஆரம்பித்தார். கல்யாணத் தேதியை நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே எழுதிவிட்டார். மூன்று கடிதத்தையும் அவர் வரிவிடாமல் படித்திருக்கிறார்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. மலையாளத்தில், முத்திரையோடு. பெரிய டீச்சர் பயந்தபடி மற்றவர்களைப் பற்றி அதில் ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் அதை வாங்கிப் படித்துவிட்டு என்னைத் தூக்காத குறையாகக் குதித்தார். பயந்துகொண்டிருந்த அம்மாவுக்கே சந்தோஷம் தொற்றிக்கொண்டு, பாசிப்பருப்புப் பாயசம் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன விசேஷம்? மகளுக்குச் சம்பளம் கூடிட்டா?" என்று கேட்டாள்.

"இல்ல, வேல போச்சு. நீங்களும் ஒரு வாய் குடியுங்கோ," என்றாள் அம்மா.

பாயசம் தீர்ந்த பிறகுதான் நாட்கள் நீளமாயின. காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் சத்தம் கேட்டால் கால் தானாக எழும்பும். பிறகு உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் இருந்த எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். வேலை என்பது எனக்கு என்னவாக இருந்தது என்பது அது இல்லாத அந்த மாதங்களில்தான் தெரிந்தது.

கேஸ் விசாரணைக்கு, எங்கள் ராஜ்யத்து ஹைக்கோர்ட் இருந்த எர்ணாகுளம் போனோம். களியக்காவிளை தாண்டி, பஸ் மாறிப் பஸ் ஏறி, இடுப்பு ஒடிந்து போய்ச் சேர்ந்தோம். வக்கீல் வழியெல்லாம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஹைக்கோர்ட்டில் இரண்டு ஜட்ஜிகள். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. எனக்குப் பாதி விளங்கியது, மீதியை அத்தான் காதில் சொன்னார்.

சர்க்கார் வக்கீல் என்மேல் மிகுந்த அக்கறையோடு பேசினார். குடும்பப் பெண்ணுக்கு வீட்டில் ஆயிரம் வேலை உண்டு, குழந்தைகள் பிறந்தால் பாடத்தில் மனம் செல்லாது, அவள் நன்மைக்காகவே இந்த விதி என்றார். மூத்த ஜட்ஜி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கல்யாணமான ஆண் ஆசிரியர்கள் உண்டா என்று கேட்டார். உண்டு. அவர்களுக்குக் குழந்தைகள்? உண்டு. அவர்கள் பாடம் ஒழுங்காக நடக்கிறதா? நடக்கிறது. "அப்படியானால் குழந்தைகளால் பாடம் கெடுவதில்லை என்று தெரிகிறது," என்றார். கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

சர்க்கார் வக்கீல் விடவில்லை. இந்த விதி பேருக்குத்தான் இருக்கிறது, எங்கள் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடங்களில் எனக்கு முன்னால் இதனால் ஒருவருக்கும் வேலை போனதில்லை, இது தேடிப்போய் வாங்கிக்கொண்ட புகார் என்றார். எங்கள் வக்கீல் எழுந்தார். அதிகம் பேசவில்லை. பெரிய டீச்சர் எழுதிய தாளையும் அதன்மேல் வந்த உத்தரவையும் மேலே நீட்டினார். ஜட்ஜிகள் இருவரும் தலையைச் சேர்த்துவைத்து அதைப் படித்தார்கள். மணி மணியான அந்தக் கையெழுத்து அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது.

தீர்ப்பு வர மேலும் சில வாரம் ஆயிற்று. ஒரு மத்தியானம் அத்தான் வக்கீல் ஆபீசிலிருந்து வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். விதி செல்லாது. என்னைத் திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும். நான் கேட்டுவிட்டு, அடுப்பில் இருந்த சோற்றை வடித்துவிட்டு, அப்புறம்தான் அழுதேன். அத்தான் அதற்கும் சிரித்தார்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போன காலை என் வாழ்நாளில் மறக்கமுடியாத காலை. டீச்சர்மார் எல்லாரும் பெரிய டீச்சர் அறையில் கூடியிருந்தார்கள். தையல் டீச்சர்தான் முதலில் கையை உள்ளே விட்டுத் தாலியை வெளியே எடுத்துப் போட்டாள். அடுத்து மலையாளம் டீச்சர். பிறகு, கல்யாணமானதே எங்கள் யாருக்கும் தெரியாத சின்ன வகுப்பு டீச்சர். கடைசியில், சாமியாரிணி போல வெள்ளைச் சேலை மட்டுமே உடுத்துகிற பாட்டு டீச்சரும் ஒன்றை எடுத்தாள்.

பெரிய டீச்சர் நாற்காலியைவிட்டு எழுந்தார். "எம்மாதாவே! நாலு பேரா? நான் ரெண்டுன்னுல்லா நெனச்சேன்," என்றார். அறை முழுவதும் சிரிப்பு. 'மாமா மகன்' மறுநாளிலிருந்து வாசலோடு நிற்காமல் உள்ளே வந்து, பெரிய டீச்சருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்.

எல்லாரும் வகுப்புக்குப் போனபிறகு பெரிய டீச்சர் என்னை நிறுத்தினார். மேசைமேல் என் திரும்பச் சேர்க்கும் உத்தரவு இருந்தது.

"இந்த விதி என்னைக்குச் செத்துதுன்னு தீர்ப்புல எழுதியிருக்காவ?" என்று கேட்டார்.

ஏதோ பதிவேட்டில் எழுதத்தான் கேட்கிறார் என்று நினைத்து உற்சாகமாகச் சொன்னேன். "தீர்ப்பு சொன்ன அண்ணைக்கு இல்ல டீச்சர். அரசியல் சட்டம் வந்த அண்ணைக்கே அது செத்துப்போச்சாம். அம்பதாம் வருசம் ஜனவரியில. வக்கீல் சொன்னாரு. நம்மதான் தெரியாம, செத்தத பாத்துப் பயந்துக்கிட்டு இருந்திருக்கோம்." சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் கையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எதையோ எண்ணினார்.

"அம்பத்தொண்ணு ஈஸ்டர் கழிஞ்சுதான் அவரு வேற பெண்ணக் கெட்டினாரு," என்றார். "இருவது வருசம். அதுவரைக்கும் எனக்காட்டுத்தான் கெட்டாம காத்து இருந்தாரு."

யார் என்று நான் கேட்கவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. முதல் மணி அடித்தது. அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, என் பெயர் இருந்த பக்கத்தை எடுத்து, பேனாவோடு என் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்து போடு பிள்ளே. நேரம் ஆச்சு," என்றார்.